மேலேயிருந்து வாருங்கள்

எங்கள் ஆச்சி தன்னை வேதக்காரி என்றுதான் சொல்லிக்கொள்வாள். கிறிஸ்தவள் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. பாளையங்கோட்டைப் பக்கத்தில் அந்தத் தலைமுறைக்கு அதுதான் இயல்பான பேச்சு. வேதத்தில் சேர்ந்தவர்கள் வேதக்காரர்கள். பல வருடங்களுக்குப் பிறகு ஆ. கா. அப்துல் ஹமீது பாகவியின் தமிழ்க் குர்ஆனைத் திறந்தேன். யூதர்களையும் கிறிஸ்தவர்களையும் விளித்துப் பேசும் இடங்களில் "வேதத்தையுடையவர்களே" என்று இருந்தது. அரபியில் அஹ்லுல் கிதாப். ஆச்சியை யாரோ வாசலில் நின்று கூப்பிட்டதுபோல் இருந்தது எனக்கு.

கூப்பிட்ட பிறகு அந்தக் குரல் என்ன சொல்கிறது என்பதில்தான் வழக்கு. உங்கள் வேதத்தை மெய்ப்படுத்த வந்தேன் என்கிறதா, உங்கள் வேதத்தை நீங்கள் புரட்டிவிட்டீர்கள் என்கிறதா? இரண்டையும் சொல்வதாகத்தான் தெரிகிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக இரண்டு சமயத்தாரும் தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு வாதாடிவருகிறார்கள். அப்படி வாதாடியவர்களில் நானும் ஒருவன்.

1996-இல் கல்லூரி இரண்டாம் ஆண்டு. என் நெருங்கிய நண்பன் மேலப்பாளையத்துக்காரன். ஒரு விடுமுறையில் அவன் உறவினர் வளைகுடாவிலிருந்து ஒரு வீடியோ கேசட் கொண்டுவந்திருந்தார். தென்னாப்பிரிக்காவின் அஹ்மத் தீதாத்துக்கும் அமெரிக்கப் பிரசங்கியார் ஜிம்மி ஸ்வாகர்ட்டுக்கும் 1986-இல் லூசியானாவில் நடந்த விவாதம் அது. பைபிள் இறைவனின் வார்த்தைதானா என்பது தலைப்பு. நண்பன் அதை மூன்று முறை பார்த்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"ஆச்சியின் பைபிளைக் கொஞ்சம் தருகிறாயா? யோவான் நிருபத்தில் ஒரு வசனம் பார்க்க வேண்டும்."

ஆச்சியின் பைபிள் பழைய மொழிபெயர்ப்பு. முதலாம் யோவான் ஐந்தாம் அதிகாரம், ஏழாம் வசனம். பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள். ஞாயிறு வகுப்பில் நான் மனப்பாடம் செய்த வசனம். திரித்துவத்தை இவ்வளவு நேராகச் சொல்லும் வேறொரு வரி பைபிளில் கிடையாது. அவன் பையிலிருந்து இன்னொரு நூலை எடுத்தான். முந்தைய ஆண்டு வெளிவந்திருந்த திருவிவிலியம். அதில் அதே இடத்தைப் பிரித்து என் கையில் கொடுத்தான். மூவர் இருந்தார்கள், ஆனால் வேறு மூவர்: தூய ஆவி, நீர், இரத்தம். பிதாவும் வார்த்தையும் அந்த வரியில் இல்லை.

"எது வேதம்?" என்று கேட்டான்.

என்னிடம் பதில் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு போதகரிடம் போனேன். "இப்படிப்பட்ட கேள்விகளோடு திரியாதே, ஜெபம் பண்ணு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று எனக்கு வந்த கோபம் நண்பன் மீது அல்ல. இந்த விஷயம் தெரிந்த பெரியவர்கள் இருந்திருக்க வேண்டும், யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை என்ற கோபம். அந்தக் கோபத்தை நான் தவறான இடத்தில் கொண்டுபோய்க் கொட்டினேன்.

குர்ஆனில் முரண்பாடுகள் என்று ஒரு துண்டுப் பிரசுரம் கிடைத்தது. அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நாலாம் அத்தியாயம் 157-ஆம் வசனம், ஈசாவை, அதாவது இயேசுவை, அவர்கள் கொல்லவும் இல்லை, சிலுவையில் அறையவும் இல்லை என்கிறது. மூன்றாம் அத்தியாயம் 55-ஆம் வசனத்திலோ இறைவன் ஈசாவிடம் "முதவஃப்பீக" என்கிறான். அதற்கு மரணிக்கச் செய்வேன் என்று பொருள். ஆகவே முரண்பாடு. இதுதான் பிரசுரத்தின் வாதம். அரபியில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாத நான் அதை நண்பனின் வீட்டுத் திண்ணையில், அவன் வாப்பாவின் முன்னால் வைத்தே கேட்டேன்.

அவர் துணிக்கடை வைத்திருந்தவர். இளமையில் சில வருடங்கள் மதரஸாவில் ஓதியவர். ரமலான் மாதத்தில் எங்கள் வீட்டுக்கு நோன்புக் கஞ்சி அனுப்பத் தவறாதவர். நான் கேட்டதும் அவர் முகம் மாறவில்லை. உள்ளே போய்க் கை, கால், முகம் கழுவி உளூச் செய்துவிட்டு வந்து குர்ஆனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஐம்பத்தைந்திலிருந்து வேண்டாம் தம்பி. மேலேயிருந்து வாருங்கள்."

மேலே என்றால் அதே அத்தியாயத்தின் 33-ஆம் வசனம். இம்ரானின் குடும்பம், வயிற்றில் இருக்கும் பிள்ளையை நேர்ந்துகொள்ளும் தாய், மர்யம் பிறப்பது, ஸக்கரிய்யாவின் வேண்டுதல், யஹ்யா, மலக்குகள் என்னும் வானவர்கள் மர்யமுக்குச் செய்தி சொல்வது, ஈசா களிமண்ணில் பறவை செய்வது, சீடர்கள். ஒவ்வொரு வசனமாக அரபியில் ஓதித் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி எனக்கு லூக்கா முதல் அதிகாரமாகக் கேட்டது. 55-க்கு வந்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அந்தச் சொல்லின் வேருக்கு முழுமையாக எடுத்துக்கொள்வது என்று பொருள், மரணத்துக்கும் அதைச் சொல்வார்கள், தூக்கத்துக்கும் சொல்வார்கள் என்றார். பத்தாம் நூற்றாண்டில் மறைந்த இமாம் தபரீ இந்த ஓர் இடத்துக்கு முன்னோர் சொன்ன பல கருத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருப்பதை விளக்கினார். தூக்கத்தில் உயர்த்தினான் என்றவர்கள், உயிரோடு எடுத்துக்கொண்டான் என்றவர்கள், மரணிக்கச் செய்து பின் உயர்த்தினான் என்றவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். பிரசுரம் கண்டுபிடித்ததாகச் சொன்னது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்த வீட்டுக்குள் பேசப்பட்ட விஷயம்.

பிறகு அவர் மகனைப் பார்த்தார். "நீ அந்த யோவான் நிருபத்தை மேலேயிருந்து படித்தாயா?" நண்பன் தலை குனிந்துகொண்டான்.

இந்த விவகாரத்தைப் பற்றி அதன் பிறகு நான் தேடிப் படித்தது எல்லாவற்றையும் அந்தத் திண்ணையில் வைத்துத்தான் பார்க்கிறேன். அதில் முதலில் வருவது ஆக்ரா.

1854 ஏப்ரல் 10, 11. வடமேற்கு மாகாணங்களின் தலைநகராக ஆக்ரா இருந்த காலம். மிஷன் வளாகத்தில் இரண்டு நாள் பொது விவாதம். ஒரு பக்கம் கார்ல் காட்லீப் ஃபாண்டர். ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் வைப்ளிங்கனில் 1803-இல் பிறந்தவர். பாசல் மிஷனில் பயின்று காக்கசஸ் மலைப்பகுதியில் ஷுஷா நகரத்தில் ஊழியம் செய்தவர். ரஷ்ய அரசு மிஷனரிகளைத் தடுத்த பிறகு இந்தியாவுக்கு வந்து சி.எம்.எஸ். என்ற ஆங்கிலேய மிஷனரிச் சங்கத்தில் சேர்ந்தவர். எங்கள் பாளையங்கோட்டையில் 1820-இல் ரேனியஸ் ஐயரை இறக்கிவிட்ட அதே சங்கம். பாரசீகமும் துருக்கியும் அறிந்தவர் ஃபாண்டர். இஸ்லாத்தை மறுத்து அவர் எழுதிய மீஸானுல் ஹக் என்ற நூல் பல மொழிகளில் பரவியிருந்தது. அவருக்குத் துணையாகத் தாமஸ் வால்பி ஃபிரெஞ்ச் என்ற இருபத்தொன்பது வயது இளைஞர் உட்கார்ந்திருந்தார்.

எதிர்ப்பக்கம் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி. கைரானாவில் 1818-இல் பிறந்த ஆலிம், அதாவது மார்க்க அறிஞர். அவருக்குத் துணை டாக்டர் முஹம்மது வஸீர் கான். ஆக்ராவில் அரசு மருத்துவப் பணியில் இருந்தவர், ஆங்கிலம் அறிந்தவர், இங்கிலாந்து போய்வந்தவர். போன இடத்தில் அவர் திரட்டியவை பைபிள் ஆய்வு நூல்கள்.

விவாதிக்க ஐந்து பொருள்கள் பேசி வைக்கப்பட்டன. முந்தைய வேதம் பிந்தையதால் நீக்கப்படுமா என்ற நஸ்கு, பைபிள் மாற்றப்பட்டதா என்ற தஹ்ரீஃப், திரித்துவம், முஹம்மது நபியின் நபித்துவம், குர்ஆன். இரண்டு நாளில் முதல் இரண்டைத் தாண்டவே இல்லை. இரண்டாவதிலேயே எல்லாம் நின்றுவிட்டது.

ஃபாண்டர் எதிர்பார்த்த ஆயுதம் வேறு. குர்ஆன், நபிமொழியான ஹதீஸ், தர்க்கம் என்று வருவார்கள், குர்ஆனே மூஸாவின் தவ்ராத்தையும் ஈசாவின் இன்ஜீலையும் மெய்ப்படுத்துகிறதே என்று மடக்கலாம் என்று காத்திருந்தார். அவர்களோ ஐகார்ன், ஸ்ட்ராவ்ஸ் போன்ற ஜெர்மன் ஆய்வாளர்கள் சுவிசேஷங்களைப் பற்றி எழுதியதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். ஸ்ட்ராவ்ஸும் வூர்ட்டம்பெர்க்காரர்தான். இயேசுவின் வாழ்க்கையைப் பற்றிய அவருடைய நூல் 1835-இல் ட்யூபிங்கனில் வெளிவந்தபோது ஃபாண்டர் ஊரைவிட்டுக் கிளம்பிப் பத்தாண்டு ஆகியிருந்தது. தன் சொந்தச் சீமையில் என்ன நடந்திருக்கிறது என்பதை ஒருவர் ஆக்ராவில், எதிராளியின் வாயிலிருந்து கேட்கிறார். அந்தக் காட்சி என்னை விடுவதே இல்லை.

கையெழுத்துப் பிரதிகளில் வேறுபாடுகள் உண்டா என்று கேட்டபோது உண்டு என்றார் ஃபாண்டர். ஏழெட்டு இடங்களில் பிற்சேர்க்கை இருப்பதை ஒப்புக்கொண்டார். அவற்றில் ஒன்று, ஆச்சியின் பைபிளில் நண்பன் விரல் வைத்த அதே வசனம், முதலாம் யோவான் 5:7.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பிறப்பதற்கு நூற்றிருபது வருடங்களுக்கும் முன்னால், எங்கள் ஊருக்கு மிஷனரிகளை அனுப்பிய அதே சங்கத்தின் ஊழியர், நூற்றுக்கணக்கான பேர் முன்னால் ஒப்புக்கொண்ட விஷயம். அதை எங்கள் ஞாயிறு வகுப்பில் மனப்பாட வசனமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வசனத்தின் கதையோ இன்னும் பழையது. எராஸ்மஸ் 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது தம் கிரேக்கப் பிரதிகளில் அது இல்லாததால் சேர்க்கவில்லை. லத்தீன் மரபில் மட்டும் வேர்விட்டிருந்த வரி அது. எதிர்ப்பு எழுந்தது. பிறகு அந்த வரி உள்ள ஒரு கிரேக்கப் பிரதி அவரிடம் காட்டப்பட்டது, 1522-ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். அந்தப் பிரதி இன்று டப்ளினில் இருக்கிறது. அது எராஸ்மஸின் காலத்தையே சேர்ந்தது. அங்கிருந்து ஐரோப்பிய மொழிபெயர்ப்புகளுக்குப் போய், அவற்றின் வழியே தமிழுக்கும் வந்து சேர்ந்தது. ஐசக் நியூட்டன் 1690-இல் இந்த வசனம் பிற்சேர்க்கை என்று நீண்ட ஆய்வு எழுதி ஜான் லாக்குக்கு அனுப்பினார். கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்து, கிறிஸ்தவர்கள் வாதாடி, கிறிஸ்தவர்கள் நீக்கிய வரி. துணிக்கடைக்காரர் சொன்னபடி மேலேயிருந்து வந்திருந்தால் யாருக்கும் ஐயம் வந்திருக்கும். ஆறாம் வசனம் ஜலத்தையும் இரத்தத்தையும் பேசுகிறது, எட்டாம் வசனம் ஆவி, ஜலம், இரத்தம் என்கிறது. நடுவில் பரலோகத்து மூவர் வந்து பேச்சைக் குறுக்கே வெட்டுகிறார்கள்.

ஃபாண்டர் ஒப்புக்கொண்டதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. உண்மை என்று தெரிந்ததை மறுக்காமல் சொன்னார். அவர் நின்ற இடத்தில் அது எளிதல்ல. ஆனால் எழுத்து மாறினாலும் போதனை மாறவில்லை என்று அவர் சொன்னதைக் கேட்டவர்கள் ஏற்கவில்லை. ஏன் ஏற்க வேண்டும்? அவர்களுக்கு வேதம் என்றால் எழுத்துக்கு எழுத்து இறங்கிய சொல். ஓர் எழுத்து போனால் அந்த இடத்தில் இறைவனின் பேச்சு போயிற்று. ஃபாண்டருக்கு வேதம் என்றால் இறைவன் நடத்திய காரியங்களுக்கு மனிதர்கள் ஆவியின் ஏவுதலால் தந்த சாட்சி. நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னாலும் சாட்சி கெடாது. மாற்றப்பட்டதா என்ற ஒரே சொல்லை இரண்டு பேரும் இரண்டு நாள் பேசினார்கள், ஆனால் ஆளுக்கொரு பொருளில். பிறகு இரு தரப்பும் வென்றதாகச் சொல்லித் தனித்தனியே அறிக்கை அச்சிட்டன.

இந்தக் குழப்பம் இன்ஜீல் என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. குர்ஆனில் இன்ஜீல் ஈசாவுக்கு அருளப்பட்டது. ஆகவே முஸ்லிம் வாசகர் ஒருவர் பைபிளைத் திறந்ததும் இயேசுவுக்கு இறங்கிய நூலைத் தேடுகிறார். கிடைப்பதோ மத்தேயுவும் மாற்குவும் லூக்காவும் யோவானும் எழுதியவை. "மூல இன்ஜீல் எங்கே?" என்ற கேள்வி நேர்மையான கேள்வி. கிறிஸ்தவருக்கு அது விளங்குவதே இல்லை. இயேசு ஒரு நூலைக் கொண்டுவந்தார் என்று அவர் எந்நாளும் நினைத்ததில்லை. சுவிசேஷம் என்பது அவருக்கு நற்செய்தி, அந்தச் செய்தியே இயேசுதான்.

புரட்டுதல் என்பது பற்றி முஸ்லிம் அறிஞர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இருந்ததில்லை. சொற்களை அவற்றின் இடத்திலிருந்து புரட்டுகிறார்கள் என்று 4:46, 5:13 முதலிய வசனங்கள் சொல்கின்றன. எழுத்தையே மாற்றினார்கள் என்றார் கொர்தோவாவின் இப்னு ஹஸ்ம். பதினோராம் நூற்றாண்டில் தவ்ராத்தையும் சுவிசேஷங்களையும் வரிவரியாகப் பிரித்து முரண்களை அடுக்கியவர் அவர். எழுத்து பெரும்பாலும் இருக்கிறது, பொருளைத்தான் திரித்தார்கள் என்று வாதிட்டவர்களும் உண்டு. 1480-இல் மறைந்த அல்பிகாயீ, குர்ஆனுக்கு விரிவுரை எழுதும்போது பைபிளையே நீளநீளமாக மேற்கோள் காட்டினார். அதற்காகக் கெய்ரோவில் பெரும் சண்டை எழுந்தது, அவர் தம் செயலுக்கு நியாயம் சொல்லித் தனி நூலே எழுதினார். எங்கள் பக்கத்துப் பிரசுரங்களோ 5:47-ஐயும் 10:94-ஐயும் மட்டும் எடுத்துக்கொண்டு, பார், குர்ஆனே பைபிளை நம்பச் சொல்கிறது என்று முடித்துவிடும். 5:48-ஐப் படிக்க அடுத்த வரிக்குப் போனால் போதும். முந்தைய வேதத்தை மெய்ப்படுத்துவதோடு அதற்குக் கண்காணியாகவும் தன்னை அந்த நூல் நிறுத்திக்கொள்வது தெரியும்.

இனி தேற்றரவாளனுக்கு வருகிறேன். எனக்கும் நண்பனுக்கும் இடையில் நீண்ட நாள் ஓடிய வாதம் இது.

குர்ஆன் 61:6-இல் ஈசா, தமக்குப் பின் வரும் ஒரு தூதரைப் பற்றி நற்செய்தி சொல்கிறார், அவர் பெயர் அஹ்மத். முஹம்மது நபியின் இன்னொரு பெயர் அது. யோவான் சுவிசேஷத்தில் 14, 15, 16-ஆம் அதிகாரங்களில் இயேசு, தாம் போனபின் வேறொருவர் வருவார் என்கிறார். கிரேக்கத்தில் பராக்லேத்தோஸ். பக்கத்தில் அழைக்கப்பட்டவர் என்பது சொல்லின் உடல். நீதிமன்றத்தில் துணைக்கு நிற்பவருக்கும் அது பொருந்தும். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதைத் தேற்றரவாளன் என்றது, திருவிவிலியம் துணையாளர் என்றது. இதே கிரேக்கச் சொல் முதலாம் யோவான் 2:1-இல் இயேசுவுக்கே வருகிறது. அங்கே தமிழ் "பரிந்து பேசுகிறவர்" என்கிறது. தமிழில் மட்டும் வாசிப்பவனுக்கு இரண்டும் ஒரே சொல் என்று தெரிய வழியே இல்லை. "வேறொரு தேற்றரவாளன்" என்று ஏன் சொல்கிறார், முதல் தேற்றரவாளன் யார் என்ற கேள்விக்குப் பதில் அந்த நிருபத்தில் இருக்கிறது. மொழிபெயர்ப்பு அதை மூடிவிட்டது.

நண்பன் சொன்ன வாதம் பலரும் சொல்வது. பராக்லேத்தோஸ் அல்ல, பெரிக்ளுதோஸ், புகழப்பட்டவர், அதாவது அஹ்மத். எழுத்தை மாற்றிவிட்டார்கள். இதை நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. கிடைத்திருக்கும் கிரேக்கப் பிரதிகளில் எதிலும் அந்தச் சொல் இல்லை. அவற்றில் பழையவை நபிகளின் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவை. ஆனால் முஸ்லிம் மரபின் பழைய வாசிப்பு இந்த எழுத்துக் கணக்கில் நிற்கவும் இல்லை. எட்டாம் நூற்றாண்டில் நபி வரலாற்றை எழுதிய இப்னு இஸ்ஹாக், யோவான் 15-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை மேற்கோள் காட்டுகிறார். அங்கே அவர் தரும் சொல் முனஹ்ஹமனா. ஆறுதல் தருபவர் என்று பொருள்படும் அரமேயச் சொல். பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் தங்கள் ஆலயங்களில் வாசித்த சுவிசேஷத்தில் பராக்லேத்தோஸுக்கு நின்ற சொல் அதுதான். அதாவது அவர் கையில் இருந்தது கிறிஸ்தவர்களின் சொந்த வாசகம், அதைத் திருடவும் இல்லை, திரிக்கவும் இல்லை. வரப்போகும் அந்த ஆறுதல் தருபவர் முஹம்மது என்று வாசித்தார்.

அந்த வாசிப்புக்கு நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 16:13-இல், அவர் தம்முடைய சுயமாய்ப் பேசாமல் தாம் கேள்விப்பட்டவைகள் யாவையும் சொல்வார் என்று இருக்கிறது. குர்ஆன் 53-ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில், இவர் தம் இச்சையால் பேசுவதில்லை, அறிவிக்கப்பட்டதையே பேசுகிறார் என்று வருவதை ஓதி வளர்ந்தவன், யோவானின் இந்த வரியைப் படிக்கும்போது நிமிர்ந்து உட்காரத்தான் செய்வான். நானே அந்த இடத்தில் இருந்தால் நிமிர்ந்திருப்பேன். ஆனால் 14:16-இலிருந்து ஒரு வசனம் கீழே வந்தால், உலகம் அவரைக் காணாது, அவர் உங்களுக்குள்ளே இருப்பார் என்கிறது. 14:26 பெயரையே சொல்லிவிடுகிறது, பரிசுத்த ஆவியாகிய தேற்றரவாளன். யோவான் தம் நூலுக்குள் சொல்வது மனித நபியை அல்ல என்பதில் எனக்கு ஐயமில்லை. நண்பனிடம் இதைச் சொன்னபோது அவன், "அந்த வரிகள் பிறகு சேர்ந்தவையாக இருக்கலாமே" என்றான். எழுத்தை நம்பி வாதத்தைத் தொடங்கி, எழுத்து எதிராக வந்ததும் எழுத்தைச் சந்தேகிப்பது. அவனோடு நான் அதிகம் சண்டை போட்ட இடம் அதுதான்.

இதே காரியத்தை எங்கள் பக்கமும் செய்திருக்கிறது, இன்னும் பழங்காலத்திலிருந்தே. 4:171-இல் ஈசாவை அல்லாஹ்வின் வார்த்தை என்றும் அவனிடமிருந்து வந்த ஆன்மா என்றும் குர்ஆன் சொல்கிறது. எட்டாம் நூற்றாண்டில் தமஸ்கு யோவான் என்ற கிறிஸ்தவ இறையியலாளர் இதைப் பிடித்துக்கொண்டார். இறைவனின் வார்த்தை படைக்கப்பட்டதா, படைக்கப்படாததா என்று கேட்கச் சொன்னார். படைக்கப்படாதது என்றால் இயேசு தெய்வம் என்றாகிறது, படைக்கப்பட்டது என்றால் அதற்கு முன் இறைவன் வார்த்தையின்றி இருந்தானா என்று கேட்கலாம். கெட்டிக்காரத்தனமான பொறி. ஆனால் அந்த வசனத்தின் தொடக்கமே, வேதத்தையுடையவர்களே, உங்கள் மார்க்கத்தில் எல்லை கடக்காதீர்கள் என்பது. அதே வசனத்தில் கீழே, மூன்று என்று சொல்லாதீர்கள் என்று இருக்கிறது. தலையையும் காலையும் விட்டுவிட்டு நடுவை மட்டும் அறுத்தெடுத்த பிரசுரங்கள் இன்றும் அச்சாகின்றன.

சினாய் மலையடிவாரத்து மடத்தில் பாதுகாக்கப்பட்ட ஓர் அரபுக் கிறிஸ்தவ நூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இறைவன் குர்ஆனில் "நாம் படைத்தோம்" என்று பன்மையில் பேசுகிறான், ஆகவே திரித்துவம் என்கிறது. ஆதியாகமத்தில் "நமது சாயலாக மனுஷனை உண்டாக்குவோமாக" என்று வருவதோடு சேர்த்து வைக்கிறது. இது தமிழில் வரும்போது எனக்குச் சுவையாக இருக்கிறது. அரபிக்கும் எபிரேயத்துக்கும் இல்லாத ஒரு வேறுபாடு நமக்கு உண்டு. கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் நாம், விலக்கினால் நாங்கள். ஆதியாகமத்தில் இறைவன் யாரையோ சேர்த்துக்கொண்டு பேசுகிறார், எனவே நமது. குர்ஆனிலோ இறைவன் மனிதர்களைப் பார்த்துப் பேசுகிறான், அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இலக்கணப்படி நாங்கள் என்றுதான் வர வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் நாங்கள் என்று எழுதவில்லை. நாங்கள் என்றால் பலர் என்று ஆகிவிடும். அரசர்கள் தம்மைச் சொல்லிக்கொள்ளும் நாம் என்பதை எடுத்தார்கள். ஒற்றைச் சொல்லில் ஓர் இறையியல் முடிவு. பிரசுரம் எழுதுபவன் இதைக் கவனிப்பதே இல்லை, மொழிபெயர்த்தவர் எத்தனை நாள் யோசித்தாரோ.

தமஸ்கு யோவானின் கேள்வியில் ஒரு முக்கியமான விஷயம் ஒளிந்திருக்கிறது. அதை நான் உணர வெகு காலம் ஆயிற்று. இறைவனின் வார்த்தை படைக்கப்பட்டதா என்ற கேள்வி முஸ்லிம்களுக்குள்ளும் வெடித்தது, ஆனால் ஈசாவைப் பற்றி அல்ல, குர்ஆனைப் பற்றி. 833-இல் கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ளும்படி ஆலிம்களை விசாரணைக்கு உட்படுத்தினார். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் மறுத்துச் சிறைபட்டார். மஃமூனுக்குப் பின்வந்த கலீஃபாவின் காலத்தில் சவுக்கடியும் பட்டார். கடைசியில் அவர் நின்ற பக்கமே நிலைத்தது. ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் 325-இல் நிக்கேயாவில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் கிறிஸ்தவர்கள் இதே சொல்லுக்காகப் பிரிந்தார்கள். அங்கே கேள்வி இயேசு படைக்கப்பட்டவரா என்பது. ஆக, முஸ்லிமுக்குக் குர்ஆன் நிற்கும் இடத்தில் கிறிஸ்தவனுக்கு நிற்பது பைபிள் அல்ல, இயேசு. வார்த்தை அவர்களுக்கு நூலாக வந்தது, எங்களுக்கு மாம்சமாக வந்தது.

இதை நண்பனின் வாப்பாவிடம் ஒருமுறை சொன்னேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் உங்கள் சுவிசேஷம் எங்கள் ஹதீஸ் மாதிரி தம்பி. யார் கேட்டார், யாரிடமிருந்து கேட்டார் என்று நாங்கள் கேட்போம்" என்றார். நான் லூக்கா முதல் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்களை வாசித்துக் காட்டினேன். ஆரம்பமுதல் கண்ணாரக் கண்டவர்கள் ஒப்புவித்தபடி எழுதுகிறேன் என்று லூக்கா தொடங்குவதைக் கேட்டதும், "இவர் நல்ல ராவி. ஆனால் பெயர்களைச் சொல்லியிருக்கலாம்" என்றார். ராவி என்றால் ஹதீஸை அறிவிப்பவர். லூக்காவைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அது.

ஆக்ராவில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 1857 கலகத்துக்குப் பிறகு ரஹ்மத்துல்லாஹ்வின் சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டன, அவர் மக்காவுக்குத் தப்பிப் போனார். அங்கே ஸவ்லத்திய்யா மதரஸாவை நிறுவினார். சுல்தானின் அழைப்பில் இஸ்தான்புல் போய் இஸ்ஹாருல் ஹக் என்ற பெருநூலை அரபியில் எழுதினார். நூறாண்டு கழித்து அஹ்மத் தீதாத்தின் வாதங்களுக்கு ஊற்று அந்த நூல்தான். எங்கள் வீட்டுக்கு வந்த கேசட்டின் வேர் ஆக்ராவில் இருந்தது. ஃபாண்டர் பெஷாவருக்கும் பிறகு இஸ்தான்புல்லுக்கும் போய், 1865-இல் மறைந்தார். அன்று முஸ்லிம் தரப்போடு நின்ற இமாதுத்தீன் பின்னாளில் கிறிஸ்தவராகி, பாதிரியாராகவும் ஆனார்.

ஃபாண்டரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞர் ஃபிரெஞ்ச், லாகூரின் முதல் பிஷப் ஆனார். முதுமையில் அந்தப் பதவியை விட்டுவிட்டு, அறுபத்தாறாம் வயதில் மஸ்கட்டுக்குப் போனார். அரபுச் சுவிசேஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைவீதியில் உட்கார்ந்து, கேட்க வந்தவர்களுக்கு வாசித்துக் காட்டினார். மூன்று மாதங்களில் வெப்பம் தாங்காமல் இறந்தார். அது 1891 மே மாதம். அதே 1891-இல் மக்காவில் ரஹ்மத்துல்லாஹ் மறைந்தார். முப்பத்தேழு வருடங்களுக்கு முன் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்த இருவரும் அரேபிய மண்ணிலேயே அடங்கினார்கள். ஒருவரையொருவர் மீண்டும் சந்தித்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைக்கிறேன். ஆக்ராவில் மூன்றாவது பொருளுக்கே அவர்கள் போகவில்லை.

துணிக்கடை மாமா மறைந்து ஒன்பது வருடம் ஆகிறது. நண்பன் ஷார்ஜாவில் இருக்கிறான். வியாழக்கிழமை இரவுகளில் தொலைபேசியில் ஒரு மணி நேரம் வாசிக்கிறோம், ஒரு வாரம் அவன் நூல், ஒரு வாரம் என் நூல். மர்யம் அத்தியாயத்தையும் லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்களையும் முடிக்க எங்களுக்கு நான்கு மாதம் ஆயிற்று. கருத்து ஒத்துப்போன இடங்கள் குறைவு. சிலுவை பற்றிப் பேசிய இரவில் இருவரும் குரலை உயர்த்திவிட்டோம், அடுத்த வாரம் அவன்தான் முதலில் கூப்பிட்டான்.

போன வியாழன் முடிக்கும்போது, "அடுத்த வாரம் யோவான் பதினாலை எடுப்போமா? தேற்றரவாளன்" என்றான். அவன் குரலில் பழைய மேலப்பாளையத்துத் துடிப்பு இருந்தது.

"பதினாலிலிருந்து வேண்டாம். பதின்மூன்றிலிருந்து வருவோம்" என்றேன். "அங்கே அவர் சீடர்களின் கால்களைக் கழுவுகிறார்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "வாப்பா இருந்தால் பன்னிரண்டிலிருந்து வரச் சொல்லியிருப்பார்" என்றான்.